நெபுலா தெரிய வேண்டுமென்றால் முதலில் மவுண்டைப் பாருங்கள், பிறகு மணிக்கணக்கைப் பாருங்கள்

கேள்வியின் சாரம் இது. கையில் இருப்பது 80 மிமீ, எஃப் 6 லென்ஸ் தொலைநோக்கி. ஈக்யூ 5 வகை மோட்டார் மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் பீடம். உள்ளே எதையும் மாற்றாத 18 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். ரோசெட் நெபுலாவை (விண்வெளியில் ஒளிரும் ஒரு வாயு மேகம்) 3 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தால் விண்மீன்கள் கோடு கோடாக விழுகின்றன. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றியும் நெபுலா சாம்பல் புகை மாதிரிதான் தெரிகிறது, சிவப்பு எங்கேயும் இல்லை. 8 அங்குலத் தொலைநோக்கிக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. இந்த மவுண்டோடு மாறினால் இன்னும் மோசமாகும். இங்கே மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகக் கலந்து தெரிகின்றன: மவுண்ட் வானத்தைச் சரியாகப் பின்தொடரவில்லை, நெபுலாவின் சிவப்பு ஒளியைக் கேமராவே தடுக்கிறது, சேர்த்த ஒளியின் மொத்த நேரம் போதவில்லை. தொலைநோக்கியின் விட்டம் இந்த மூன்றில் ஒன்றுக்கும் மருந்தில்லை.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை அறிய, பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மிமீ) வகுக்க வேண்டும். உங்கள் கேமராவின் பிக்சல் 4.3 மைக்ரான், குவியத் தூரம் 80 பெருக்கல் 6, அதாவது 480 மிமீ. விடை 1.85 ஆர்க் விநாடி (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம், ஒரு ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் விநாடி). காற்றின் கலக்கம் மட்டுமே ஒரு விண்மீனைச் சாதாரணமாக 2 முதல் 4 ஆர்க் விநாடி வரை விரித்துவிடும் என்பதால், இது மிகப் பொருத்தமான அளவு. சென்சாருக்குள் அடங்கும் வானம் சுமார் 2.66 பாகைக்கு 1.78 பாகை. ரோசெட்டின் அகலம் ஏறக்குறைய 80 ஆர்க் நிமிடம். படத்தின் நீளத்தில் பாதியை அழகாக நிரப்பும். ஆந்திரோமெடா கேலக்ஸியைக்கூட மூலைவிட்டமாகச் சாய்த்து வைத்தால் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். இந்தத் தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் ஒரு குறையும் இல்லை.

இப்போது 8 அங்குலம், எஃப் 5 நியூட்டோனியன் என்னும் ஆடித் தொலைநோக்கியைப் பொருத்திப் பாருங்கள். குவியத் தூரம் 1000 மிமீ. ஒரு பிக்சலுக்கு 0.89 ஆர்க் விநாடி. மவுண்ட் செய்யும் ஒவ்வொரு தவறும் படத்தில் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். சென்சாருக்குள் அடங்கும் வானம் 77க்கு 51 ஆர்க் நிமிடமாகச் சுருங்கி, ரோசெட் சட்டத்தை விட்டு வெளியே வழியும். நெபுலா போன்ற பரந்த பொருளில் ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளியைத் தீர்மானிப்பது எஃப் எண்தான் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது). எஃப் 6இலிருந்து எஃப் 5க்குப் போனால் கூடுவது 1.44 மடங்கு மட்டுமே. குழாயின் எடையோ இந்த வகை மவுண்ட் தாங்குவதாகச் சொல்லப்படும் எல்லையை முட்டும். பார்வைக்குச் சொல்லப்படும் எடையில் பாதிதான் படமெடுக்கப் பாதுகாப்பான எடை.

கோடுகளுக்கு வருவோம். வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க் விநாடி நகர்கிறது. 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒரு சுற்று. மவுண்டின் வேலை அதே வேகத்தில் எதிர்ச்சுற்று சுற்றுவது. அது இரண்டு வழிகளில் தவறும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது உங்கள் நோய் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. 30 விநாடி எக்ஸ்போஷர் ஒன்றைத் தொடங்குங்கள். முதல் 10 விநாடி மவுண்டைத் தொடாமல் விடுங்கள். பிறகு கைக் கருவியில் குறைந்த வேகத்தை வைத்து கிழக்கு-மேற்குப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு விண்மீனும் ஒரு புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் ஒரு வாலுமாகப் பதியும். அந்த வாலின் திசைதான் உங்கள் படத்தில் கிழக்கு-மேற்கு. கேமராவைத் திருப்பாமல் இனி 3 நிமிடப் படம் பத்து எடுங்கள். கோடுகள் வாலின் திசையிலேயே இருந்து, ஒரு படத்தில் நீளமாகவும் அடுத்ததில் குறைவாகவும் மாறி மாறி வந்தால் அது பல்சக்கரப் பிழை. வாலுக்குக் குறுக்காக, எல்லாப் படத்திலும் ஒரே நீளத்தில் வந்தால் துருவச் சீரமைப்புப் பிழை, அதாவது மவுண்டின் சுழல் அச்சு வானத்தின் துருவத்தை நேராகப் பார்க்கவில்லை. திசையும் நீளமும் தாறுமாறாக, சில படங்களில் மட்டும் வந்தால் காற்று, அல்லது இழுபடும் கேபிள். நடுவில் வட்டமாகவும் மூலைகளில் மட்டும் நீண்டும் இருந்தால் மவுண்டின் மேல் குற்றமே இல்லை, அது ஒளியியல். அதற்குப் பின்னால் வருகிறேன்.

துருவச் சீரமைப்பில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. துருவ நட்சத்திரம் சரியாக வட துருவப் புள்ளியில் இல்லை. அதிலிருந்து கிட்டத்தட்ட 40 ஆர்க் நிமிடம், அதாவது முழு நிலவின் அகலத்தைவிட அதிகமாக, விலகி நிற்கிறது. அதை நடுவில் வைத்துப் பூட்டிவிட்டால் அந்த 40 ஆர்க் நிமிடமும் பிழையாகிவிடும். சீரமைப்பில் 1 ஆர்க் நிமிடப் பிழை இருந்தால் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 ஆர்க் விநாடி வடக்காகவோ தெற்காகவோ நழுவும். 40க்கு 10.5 ஆர்க் விநாடி. 3 நிமிடத்தில் 31. உங்கள் படத்தில் 17 பிக்சல் நீளக் கோடு. அதே பிழையை 3 ஆர்க் நிமிடத்துக்குள் கொண்டுவந்தால் 3 நிமிடத்தில் நழுவுவது 1.3 பிக்சல்தான், கண்ணுக்குத் தெரியாது.

துருவத் தொலைநோக்கி இருந்தால், அன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் நட்சத்திரம் வட்டத்தில் எந்த மணி இடத்தில் நிற்க வேண்டும் என்று காட்டும் கைபேசிச் செயலியைப் பார்த்து அங்கே வையுங்கள். துருவத் தொலைநோக்கியின் குறுக்குக் கோடே அச்சிலிருந்து விலகியிருக்கலாம். பகலில் தொலைதூரக் கோபுர உச்சியைக் குறுக்கில் வைத்து அச்சைச் சுழற்றுங்கள். உச்சி நகர்ந்தால் மூன்று சிறு திருகுகளால் சரிசெய்ய வேண்டும். துருவம் தெரியாத இடமென்றால், அல்லது விண்மீன் மங்கலான தென் துருவமென்றால், பிளேட் சால்விங் முறை எல்லாவற்றையும்விட நல்லது. நினா போன்ற மென்பொருள் வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து, விண்மீன் அமைப்பை அட்டவணையோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். திருகைத் திருப்பத் திருப்ப எண் குறைவதைப் பார்க்கலாம். கணினி இல்லாதவர்களுக்குப் பழைய நழுவல் முறை: உச்சிக்கோட்டுக்கும் (தலைக்கு மேலே வடக்கு-தெற்காகச் செல்லும் கோடு) வான நடுக்கோட்டுக்கும் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) அருகே உள்ள விண்மீன் வடக்கு-தெற்காக நழுவினால் கிழக்கு-மேற்குத் திருகை மாற்றுங்கள், கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே உள்ள விண்மீன் நழுவினால் உயரத் திருகை. நழுவல் கூடினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், அவ்வளவுதான்.

பல்சக்கரப் பிழையைச் சீரமைப்பால் போக்க முடியாது. மவுண்டைச் சுழற்றுவது ஒரு வார்ம் திருகு. அது நூறு சதவீதம் சீராகக் கடையப்பட்டதல்ல. 144 பல் உள்ள சக்கரமென்றால் திருகு ஒரு சுற்றுக்கு 598 விநாடி எடுத்துக்கொள்ளும். அந்தச் சுற்றுக்குள் மவுண்ட் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். மேலுச்சிக்கும் கீழுச்சிக்கும் 40 ஆர்க் விநாடி வித்தியாசம் இருந்தால் (இந்த விலைப் பிரிவில் இது சாதாரணம்), மோசமான கட்டத்தில் 60 விநாடியில் 12 ஆர்க் விநாடியும் 3 நிமிடத்தில் 32ம் விலகும். மீண்டும் 17 பிக்சல். சுற்று திரும்பும் இடத்தில் எடுத்த படம் மட்டும் ஓரளவு நன்றாக வரும். பத்துப் படத்தில் சில மட்டும் தப்பிப்பதன் மர்மம் இதுதான்.

இதற்கு ஒரே நம்பகமான தீர்வு கைடிங்: இன்னொரு சிறு கேமரா ஒரு விண்மீனைக் கவனித்து, அது நகரும்போதெல்லாம் மவுண்டுக்குத் திருத்தம் அனுப்புவது. 8 அங்குலத்துக்குச் செலவழிக்க இருப்பதில் ஒரு சிறு பகுதியை இதில் போடுங்கள். 50 மிமீ விட்டம், 200 மிமீ குவியத் தூரமுள்ள சிறு கைடு தொலைநோக்கி, சுமார் 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கறுப்பு-வெள்ளைச் சிறு கேமரா, பிஎச்டி2 மென்பொருள், அதை ஓட்ட ஒரு மடிக்கணினி. இந்த அமைப்பில் கைடு கேமராவின் ஒரு பிக்சல் 3.9 ஆர்க் விநாடி. பெரியதாகத் தோன்றினாலும் விண்மீனின் ஒளி மையத்தைப் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை மென்பொருள் கணிக்கும் என்பதால் உங்கள் 1.85க்குத் தாராளமாகப் போதும்.

கைடிங்கில் பலர் சறுக்குவது அமைப்பு எண்களில்தான். கைடு எக்ஸ்போஷரை அரை விநாடியில் வைத்தால் மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்த ஆரம்பிக்கும். 2 விநாடியில் தொடங்குங்கள். மென்பொருள் மவுண்டின் அசைவை அளக்கும் தொடக்க அளவீட்டை உச்சிக்கோட்டுக்கும் வான நடுக்கோட்டுக்கும் அருகே செய்யுங்கள், துருவத்துக்குப் பக்கத்தில் செய்தால் தவறான எண் கிடைக்கும். மொத்த ஆர்எம்எஸ் பிழை (ஒரு வகைச் சராசரி விலகல்) 1 ஆர்க் விநாடிக்குள் இருந்தால் போதும். ஆனால் இரண்டு அச்சின் பிழையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், ஒன்று 0.4, மற்றது 0.9 என்றால் விண்மீன் முட்டை வடிவமாகும். வடக்கு-தெற்கு அச்சில் பல்லிடுக்குத் தளர்வு இருந்தால் திருத்தம் ஒரு பக்கம் போய், திரும்பும்போது பல விநாடி அசையாமல் நின்று, பிறகு தாவும். அப்போது அந்த அச்சில் ஒரே திசைக்கு மட்டும் திருத்தம் அனுப்பும்படி வைத்துவிடுங்கள். சீரமைப்பில் மிச்சமிருக்கும் சிறு நழுவல் மவுண்டை எப்போதும் ஒரு பக்கமே சாய்க்கும், திருத்தம் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சமநிலையும் இதில் சேர்த்தி. கேமரா, கைடு தொலைநோக்கி, பனித்தடுப்புப் பட்டை, கேபிள் எல்லாம் பூட்டிய பிறகு எடையைச் சமன் செய்து, கடைசியில் கிழக்குப் பக்கம் ஒரு சிறிது கனமாக விடுங்கள். அப்போது பற்கள் ஒரே முகத்தில் அழுந்தி நிற்கும். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாதீர்கள். கேபிள்களை எல்லாம் தொலைநோக்கியின் சேணத்தில் ஒரே இடத்தில் கட்டி, அங்கிருந்து ஒரு கற்றையாகக் கீழே விடுங்கள். கைடு வரைபடம் நேர்த்தியாக இருந்தும் படத்தில் கோடு வந்தால் கைடு தொலைநோக்கியின் பிடிப்பு தளர்ந்து தனியே வளைகிறது என்று பொருள். மூன்று பிளாஸ்டிக் திருகில் நிற்கும் வளையங்களை விட்டுவிட்டு உலோகப் பிடிகளால் இறுக்குங்கள்.

ஒரு எக்ஸ்போஷர் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? மூன்று நிமிடம் என்பது வேதவாக்கு அல்ல. ஒவ்வொரு படத்தையும் சென்சாரிலிருந்து வாசிக்கும்போது ஒரு சிறு இரைச்சல் சேர்கிறது. வானத்தின் பின்னணி ஒளி அந்த வாசிப்பு இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குக் கதவு திறந்திருந்தால் போதும். அதற்கு மேல் நீட்டுவதில் லாபம் மிகக் குறைவு. கணக்கு இது: வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி, ஒரு பிக்சலில் ஒரு விநாடிக்கு விழும் வான ஒளியின் எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுங்கள். அந்த நேரத்தில் மொத்த இரைச்சல் வெறும் 5 சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். வாசிப்பு இரைச்சல் 3 எலக்ட்ரான், வான ஒளி விநாடிக்கு 1.5 என்றால் 60 விநாடி. வானம் இருண்டு 0.3 மட்டுமே வந்தால் 300 விநாடி. எலக்ட்ரான் கணக்கு தெரியாவிட்டால், கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராமின் (ஒளி அளவுப் பரவலைக் காட்டும் வரைபடம்) முகடு இடது ஓரத்திலிருந்து முழுதாகப் பிரிந்து நான்கில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். விளக்கொளி நிறைந்த வானத்தில் எஃப் 6க்கு இது பெரும்பாலும் 60 முதல் 90 விநாடியில் கிடைத்துவிடும்.

ஐஎஸ்ஓ ஒளியைக் கூட்டாது. வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். 6400இல் விண்மீன்களின் நடு எல்லாம் வெள்ளையாக நிரம்பி நிறத்தை இழக்கும், நெபுலாவுக்குப் பைசா லாபம் இருக்காது. 800 அல்லது 1600இல் நிறுத்துங்கள். ரா கோப்பாகச் சேமியுங்கள். கேமராவில் உள்ள நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் சமமான நேரம் டார்க் ஒன்றை, அதாவது ஒளி புகாமல் மூடிய இருட்டுப் படத்தை, எடுத்து இரவில் பாதியை விழுங்கிவிடும்.

இனி சிவப்பு. ரோசெட்டின் ஒளியில் பெரும்பங்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா, 656.3 நானோமீட்டர். பகல் படங்களில் நிறம் இயல்பாக வருவதற்காகக் கேமராவுக்குள் வைத்திருக்கும் வடிகட்டி இந்த அலைநீளத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கை மட்டுமே விடுகிறது. அதிலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு பிக்சல். சாம்பல் புகைக்குக் காரணம் இதுவே. வடிகட்டியை எடுத்துவிட்டு அல்லது ஹைட்ரஜன் ஆல்ஃபாவை விடும் கண்ணாடியை மாற்றிப் பொருத்தினால் அதே நேரத்தில் மூன்று நான்கு மடங்கு சிவப்பு சேரும். வெறுமனே எடுத்துவிட்டால் ஃபோகஸ் தளம் மாறும், பகல் படங்கள் செம்மை தட்டும் என்பதை அறிந்து செய்யுங்கள். சென்சாரைத் திறக்கும் வேலை என்பதால் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. மாற்றவே விருப்பமில்லை என்றால் இலக்கை மாற்றுங்கள்: கார்த்திகைக் கூட்டத்தின் நீலப் புழுதி, ஆந்திரோமெடா கேலக்ஸி, எம் 13 போன்ற கோள வடிவ விண்மீன் கொத்துகள் ஆகியவற்றுக்கு இந்த வடிகட்டி தடையே இல்லை. ஓரியன் நெபுலா மிகப் பிரகாசமானது, மாற்றாத கேமராவிலும் நிறம் காட்டும். அதன் மையத்துக்கு மட்டும் 5, 10 விநாடிப் படங்கள் தனியே எடுத்துப் பின்னால் இணைக்க வேண்டும்.

தெருவிளக்குப் பிரச்சினைக்கு ஒளிமாசு வடிகட்டி வாங்கலாமா என்று அடுத்துத் தோன்றும். சோடியம் விளக்குகள் 589 நானோமீட்டரைச் சுற்றி ஒளிர்ந்த காலத்தில் அகலப் பட்டை வடிகட்டிகள் நன்றாக உதவின. வெள்ளை எல்இடி எல்லா அலைநீளத்திலும் ஒளிர்வதால் இப்போது அவற்றின் பயன் சொற்பம். நெபுலாக்களுக்கு ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோட்டையும் மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி நிஜமாகவே வேலை செய்யும், நிலவொளியிலும்கூட. அதைப் போட்டால் பின்னணி இருண்டுவிடுவதால் எக்ஸ்போஷரை 3 முதல் 5 நிமிடமாக நீட்ட வேண்டும். கைடிங்கின் அருமை அப்போது தெரியும். கேலக்ஸிக்கும் பிரதிபலிப்பு நெபுலாவுக்கும் அதைப் போடாதீர்கள், அவற்றின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவியது. வடிகட்டி அதையும் சேர்த்து வெட்டிவிடும்.

மொத்த நேரம்தான் இந்தக் கலையின் உயிர். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் நேரத்தின் வர்க்கமூலத்தில் கூடும்: நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தெளிவு. 60 விநாடிப் படம் 240 சேர்த்தால், நான்கு மணி நேரம், ஒரு தனிப் படத்தைவிட 15 மடங்கு தெளிவு. வானத்தின் பிரகாசம் இதை நேரடியாகத் தின்னும். சதுர ஆர்க் விநாடிக்கு 21.5 மேக்னிட்யூட் (எண் கூடக்கூட வானம் இருட்டு) உள்ள இருண்ட வானத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் மங்கல் விவரம், 18.5 உள்ள நகர வானத்தில் கிடைக்க ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓரிரவு இருட்டுக்குப் போவது எந்தக் கருவியையும்விட மலிவான மேம்பாடு. போக முடியாவிட்டால் ஒரே இலக்கை நான்கைந்து இரவு எடுத்துச் சேருங்கள். ஒரே இரவில் ஆறு இலக்கைத் துரத்துவதே தொடங்குபவர்கள் செய்யும் பெரிய விரயம்.

பொறுமைக்கு என்ன பலன் என்பதற்கு ஒரு சான்று. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் திறந்து வைத்து ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமாக்கினார். அதன்பின் நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் பார்த்துச் சலித்த ஆந்திரோமெடாவின் அருகிலேயே, மிகப் பெரிய ஆக்சிஜன் ஒளி வளைவு ஒன்று இருப்பது 2023 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அதைப் பிடித்தது அமெச்சூர்களின் 106 மிமீ தொலைநோக்கி. ஆக்சிஜன் வடிகட்டி, நூறு மணி நேரத்துக்கு மேல் சேர்த்த ஒளி. உங்களுடையதைவிட ஓர் அங்குலமே பெரிய கண்ணாடி அது.

ஃபோகஸுக்கு பாட்டினோவ் முகமூடி (தொலைநோக்கி முகப்பில் மாட்டும் கீற்றுத் தகடு) போதும்: பிரகாசமான விண்மீனில் மூன்று கதிர் தெரியும், நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை திருப்புங்கள். முடிந்ததும் முகமூடியை எடுக்க மறக்காதீர்கள். எஃப் 6இல் தெளிவாக நிற்கும் ஆழம் 0.1 மிமீ அளவுதான். இரவில் வெப்பநிலை இறங்க இறங்கக் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும். ஆகவே மணிக்கொரு முறை சரிபாருங்கள். கண்ணாடியில் பனி படிவது ஃபோகஸ் கெட்டது போலவே ஏமாற்றும்: விண்மீன்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தோன்றி, படத்துக்குப் படம் பெரிதாகும். வெப்பப் பட்டையைப் பனி விழுந்த பிறகு அல்ல, முதல் படத்துக்கு முன்பே போடுங்கள்.

மூலைகளில் விண்மீன் நீள்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. லென்ஸ் தொலைநோக்கியின் குவியத் தளம் வளைந்தது, சென்சார் தட்டையானது. அதைச் சமன் செய்யும் ஃபிளாட்னர் இல்லாமல் இந்த அளவு சென்சாரில் மூலை கெடும். ஃபிளாட்னரிலிருந்து சென்சார் வரை பெரும்பாலும் 55 மிமீ இடைவெளி வேண்டும். மூலை விண்மீன்கள் நடுவிலிருந்து கதிர் போல வெளிநோக்கி நீண்டால் இடைவெளி குறைவு, நடுவைச் சுற்றி வளையம் போல நீண்டால் இடைவெளி அதிகம். 0.5 மிமீ வளையங்களால் திருத்துங்கள். இடையில் 2 மிமீ தடிமன் வடிகட்டி போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கை இடைவெளியோடு கூட்ட வேண்டும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டால் கேமரா சாய்ந்து நிற்கிறது.

அளவுத்திருத்தப் படங்களில் ஒன்றை மட்டும் விடக்கூடாது என்றால் அது ஃபிளாட். ஓரங்கள் இருள்வதையும் தூசி வளையங்களையும் அதுதான் போக்கும். கேமராவைக் கழற்றாமல், திருப்பாமல், ஃபோகஸைத் தொடாமல், தொலைநோக்கி முகப்பில் வெள்ளைத் துணியை இறுகக் கட்டி, விடியல் வானத்தையோ ஒளிரும் பலகையையோ பார்த்து 25 படம் எடுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்கட்டும். பலகை மிகப் பிரகாசமாக இருந்து ஷட்டர் மிகக் குறுகினால் எல்இடியின் துடிப்பு பட்டை பட்டையாக விழும். இன்னும் இரண்டு துணி போர்த்தி 1 விநாடிக்கு மேல் கொண்டுவாருங்கள். கேமராவைக் கழற்றிய பிறகு எடுத்த ஃபிளாட் தூசியைப் போக்காது, அதன் பேயை இன்னொரு இடத்தில் உருவாக்கும். கேமராவின் அடிப்படை மின்னளவைப் பதிவுசெய்யும் பயாஸ் 50 படம், மூடிவைத்து மிகக் குறுகிய ஷட்டரில். டார்க் என்பது அதே நேரம், அதே ஐஎஸ்ஓ, அதே வெப்பநிலையில் மூடி எடுப்பது. குளிர்விக்காத டிஎஸ்எல்ஆரில் வெப்பநிலையைப் பொருத்துவது கடினம்; சென்சார் 6, 7 பாகை சூடானாலே இருள் மின்னோட்டம் இரட்டிக்கும். இரவின் முடிவில், வ்யூஃபைண்டரையும் மூடி, 25 எடுத்துப் பாருங்கள். பொருந்தாத டார்க் இரைச்சலைக் கூட்டும் என்பதால், டார்க்கைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஸ்டாக் செய்து (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி) நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

டார்க்கைவிட முக்கியம் டிதரிங்: இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை பிஎச்டி2 வழியாகத் தொலைநோக்கியைத் தாறுமாறான திசையில் 10 பிக்சல் அளவு நகர்த்துவது. செய்யாவிட்டால் சென்சாரின் நிலையான கறைகள் மெல்ல நழுவும் விண்மீன்களுக்குப் பின்னால் மழைச்சாரல் போலச் சாய்வுக் கோடுகளாகச் சேரும். அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது.

சேர்க்கும் வேலைக்கு டீப்ஸ்கைஸ்டாக்கரோ சிரிலோ போதும், இரண்டும் இலவசம். முதலில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மேகமும் கோடும் உள்ளவற்றை இரக்கமின்றித் தள்ளுங்கள். சிக்மா 3 அளவில் விலக்கல் (மற்றப் படங்களிலிருந்து அதிகம் மாறுபடும் பிக்சல்களைத் தள்ளுவது) போட்டால் செயற்கைக்கோள் கோடுகள் மறையும்; இருபது படத்துக்குக் குறைவாக இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. வந்த படம் ஏறக்குறைய முழு இருட்டாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இன்னும் நீட்டவில்லை. அந்த நிலையிலேயே ஓரங்களை வெட்டி, பின்னணிச் சரிவை நீக்கி, விண்மீன் அட்டவணையை வைத்து நிறத்தைச் சரிசெய்து, பிறகுதான் ஸ்ட்ரெச், அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கி நீட்டுவது. வரிசை மாறினால் சரிவும் சேர்ந்து நீண்டு பச்சையும் பழுப்புமாகத் திட்டு விழும். சரிவை நீக்கும்போது மாதிரிப் புள்ளிகளை நெபுலாவின் மேல் வைத்துவிடாதீர்கள். ரோசெட்டின் வெளிப்புற மென்சிவப்பு கண்ணுக்குத் தெரிவதைவிடத் தூரம் பரவியிருக்கிறது. மென்பொருள் அதைத் தெருவிளக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். ஸ்ட்ரெச்சைப் பல சிறு தவணைகளில் செய்யுங்கள். பின்னணியைக் கறுப்பாக்கும் ஆசையை அடக்குங்கள்: 255இல் 25 அளவில் அடர் சாம்பலாக நிற்கட்டும், சுழியில் வெட்டினால் மங்கல் நெபுலா முழுவதும் அதோடு போய்விடும். கூர்மையாக்கிய பின் விண்மீனைச் சுற்றிக் கரு வளையம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது, பின்வாங்குங்கள்.

8 அங்குலக் கேள்விக்கு ஒரு நியாயமான பதிலும் உண்டு. வளைய நெபுலா எம் 57 உங்கள் 480 மிமீயில் 45 பிக்சலுக்குள் அடங்கிவிடும். எம் 51 கேலக்ஸி முழுதும் 11 ஆர்க் நிமிடம்தான். இவைதாம் உங்களை இழுக்கின்றன என்றால் 1000 மிமீ தேவைப்படும். அப்போது வாங்க வேண்டிய வரிசை இது: முதலில் இரண்டு மடங்கு எடை தாங்கும் மவுண்ட், அதில் கைடிங் பிழை 0.5 ஆர்க் விநாடியைத் தொடும்வரை இப்போதுள்ள 80 மிமீயையே வைத்துப் பழகுதல், பிறகு ஆஃப் ஆக்சிஸ் கைடர் (பிரதான தொலைநோக்கியின் ஒளியிலேயே ஒரு பகுதியைக் கைடு கேமராவுக்குத் திருப்பும் கருவி), கடைசியில் குழாயும் கோமா திருத்தியும் (ஓர விண்மீன்கள் வால் முளைப்பதைத் திருத்தும் லென்ஸ்). அதுவரை ரோசெட்டை விடாதீர்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் அது நள்ளிரவில் உச்சிக்கோட்டைத் தொடும். அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறியதும் தொடங்குங்கள், அதற்குக் கீழே குறைந்தது இரண்டு மடங்கு காற்றின் வழியே பார்க்கிறீர்கள். உச்சிக்கோட்டைக் கடக்கும்போது மவுண்டை மறுபக்கம் புரட்டி, ஃபோகஸைச் சரிபார்த்து, கைடிங்கை மீண்டும் ஓடவிட்டு, அமாவாசையை ஒட்டிய நான்கு இரவுகளில் இரவுக்கு மூன்று மணி நேரம் சேர்த்தால் 12 மணி நேரம் கையில் இருக்கும்.